மேலும் கீழும் அற்ற வெளியில்

1961-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி சோவியத் நாட்டின் வாஸ்தோக்-2 கலத்தில் ஏறி விண்ணுக்குச் சென்ற கெர்மன் தித்தோவ், 26 வயது நிரம்பாத இளைஞர். போர் விமானம் ஓட்டிப் பழகியவர். அந்தப் பயணத்துக்கென்று நடந்த கடுமையான தேர்வுகளிலெல்லாம் தேறி வந்தவர். அவருக்கு நான்கு மாதங்கள் முன்னர்ச் சென்ற யூரி ககாரின் 108 நிமிஷங்களில் புறப்பட்டு, பூமியை ஒரு முறை வலம் வந்து, இறங்கியும் விட்டார். தித்தோவோ ஒரு நாள் முழுவதும் அங்கே தங்கி 17 முறை வலம் வர வேண்டியவர். ராக்கெட்டின் உந்துதல் ஓய்ந்து, கலம் அதனின்று பிரிந்த கணத்திலேயே, தாம் தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. அந்தப் பிரமை சிறிது நேரத்தில் நீங்கினாலும், குமட்டலும் தலைக் கிறுகிறுப்பும் அதைத் தொடர்ந்து வந்தன. தலையைச் சட்டென்று திருப்பும்போதெல்லாம் அவை மிகுந்தன. அசையாமல் கிடந்து, ஓர் உறக்கம் உறங்கி எழுந்த பிறகே தணிந்தன. தரையிறங்கிய தித்தோவ் தமக்கு நேர்ந்தவற்றை ஒளிக்காமல் மருத்துவர்களிடம் எடுத்துரைத்தார். அந்த நேர்மைக்கு விஞ்ஞானம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறது என்றே சொல்லுவேன். ஏனெனில், பின்னாளில் விண்வெளிக்குச் சென்றவர்களில் பலர், நோயுற்றதை வெளியிட்டால் அடுத்த பயணத்தில் தமக்கு இடம் கிடையாமற் போய்விடுமோ என்று அஞ்சி, வாய் திறக்கத் தயங்கினார்கள்.

தித்தோவுக்கு நேர்ந்தது என்ன என்பதை அறிய, முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிக்கொள்ள வேண்டும். விண்வெளி நிலையம் சுற்றிவரும் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு இல்லாமற் போய்விடுகிறது என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில் தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அங்கும் இருக்கிறது. மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டாக விரைந்துகொண்டே பூமியை நோக்கி ஓயாமல் விழுந்துகொண்டிருக்கும் கலமும், அதனுள்ளே இருக்கும் மனிதனும், அவன் கையிலுள்ள பேனாவும் ஒரே கதியில் விழுவதால், ஒன்றின்மேல் ஒன்று அழுந்துவதில்லை. அழுத்தம் இல்லையென்றால் கனம் என்னும் உணர்ச்சியும் இல்லை. கனத்தைச் சுமையாக மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம். பிறந்த நாள்தொட்டு நிமிஷந்தோறும் நமக்குத் திசை சொல்லிவரும் சாட்சி அது என்பதை, அந்தச் சாட்சி வாய் மூடிய இடத்துக்குப் போனவர்களின் அனுபவத்தைக் கேட்ட பின்னரே நாம் உணர்ந்தோம்.

அந்தச் சாட்சியத்தைப் பதிவுசெய்யும் கருவி, செவியின் உட்புறத்தில், மண்டையோட்டின் மிகக் கடினமான எலும்புக்குள்ளே மறைந்து கிடக்கிறது. கேட்பதற்கென்று அமைந்த சுருள் ஒருபுறம் இருக்க, அதை அடுத்து மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும் உள்ளன. ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்கோணத்தில் நிற்கும் குழல்களுள் நீர்மம் நிரம்பியிருக்கிறது. நீர் நிறைந்த குடத்தைச் சட்டென்று திருப்பினால் குடம் திரும்பியும் உள்ளிருக்கும் நீர் உடனே திரும்பாமல் பின்தங்குவது போல, தலை திரும்பும்போது இந்த நீர்மமும் பின்தங்கி, அங்குள்ள நுண்ணிய மயிர்க்கற்றைகளை வளைக்கிறது. தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்பிற்று என்ற செய்தி அந்த வளைவிலிருந்து பிறந்து மூளைக்குச் செல்லுகிறது. பைகளின் அமைப்பு இதனினும் விசித்திரமானது. பசைபோன்ற ஒரு மெல்லிய படலமும், அதன்மேல் பதிந்த சுண்ணாம்புப் படிகங்களும், அடியில் உணர்மயிர்களும் அங்கே இருக்கின்றன. செவிக்கற்கள் எனப்படும் அந்தப் படிகங்கள் வெறுங் கண்ணுக்குத் துகளாகவும் தென்படாதவை; ஆனால் சுற்றியுள்ள நீர்மத்தைவிட அடர்த்தி மிக்கவை. நாம் தலையைச் சாய்த்தால் அவை தம் கனத்தால் சாய்ந்த பக்கம் சரிந்து மயிர்களை இழுக்கின்றன. வண்டி திடீரென்று புறப்பட்டாலும் பின்னோக்கிச் சரிந்து அவ்வாறே இழுக்கின்றன. தலை சாய்ந்ததா, உடம்பு நகர்ந்ததா என்று பிரித்தறிய இந்தக் கற்களால் தாமாக இயலாது. கண்ணையும், குழல்களையும், பாதத்திலும் கணுக்காலிலும் கழுத்திலும் உள்ள தசைகளையும் விசாரித்து மூளைதான் தீர்ப்புச் செய்கிறது. அத்துடன், தலை அசையும்போது அதே கணத்தில் விழிகளை எதிர்ப்புறம் திருப்பிப் பார்வையை நிலைநிறுத்தவும் இந்தச் செய்தியே பயன்படுகிறது. நடந்துகொண்டே கடைப் பலகையை வாசிக்க முடிகிறதென்றால் அது உட்செவியின் உபகாரம்.

கனமற்ற வெளியில் செவிக்கற்கள் எந்தப் பக்கமும் சரிவதில்லை. தலையைச் சாய்த்தால் குழல்கள் சாய்ந்தது என்கின்றன, கண்ணும் ஆம் என்கிறது, கற்களோ ஒன்றுமே நடக்கவில்லை என்கின்றன. இந்த முரண்பாட்டைத் தீர்க்க வழியறியாத மூளையின் தவிப்பே குமட்டலாக வெளிப்படுகிறது என்பது பெரும்பான்மை ஆராய்ச்சியாளரின் கொள்கை. அமெரிக்காவின் மெர்க்குரி, ஜெமினி கலங்களில் சென்றவர்கள் இந்த நோயைச் சொல்லாததற்கும், அபோலோவில் சென்றவர்களிடம் அது தலைகாட்டியதற்கும் காரணம், முன்னவை ஆள் அசையவும் இடமற்ற சிறு கூண்டுகளாக இருந்ததும், அபோலோவில் தலையைத் திருப்பவும் உடலைப் புரட்டவும் இடம் கிடைத்ததுமே என்று கருதுகிறார்கள். 1969-ஆம் ஆண்டு மார்ச்சில் அபோலோ-9 கலத்தில் சென்ற ரஸ்ஸல் ஷ்வைகார்ட்டுக்கு வாந்தி கண்டதால், அவர் கலத்துக்கு வெளியே செய்ய வேண்டியிருந்த வேலைத் திட்டத்தையே சுருக்க நேர்ந்தது. விண்வெளி உடையின் தலைக்கவசத்துக்குள் வாந்தியெடுப்பவன் மூச்சடைத்து மாளவும் கூடும். விண்வெளி ஓடங்களில் முதன்முறையாகச் சென்றவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரை இந்நோய் பற்றியது. ஆயினும் இரண்டு மூன்று நாட்களில் அது தானே அகன்றுவிடுகிறது. கற்களின் சொல்லைச் செவிமடுப்பதை மூளை நிறுத்திக்கொண்டு, கண்ணை நம்பத் தொடங்குகிறது. 1973-இல் ஸ்கைலாப் நிலையத்தில் தங்கியிருந்தவர்களைச் சில நாட்கள் கழித்துச் சுழல் நாற்காலியில் அமர்த்தித் தலையை முன்னும் பின்னும் பக்கத்திலும் சாய்க்கச் செய்தபோது, தரையில் அதே சோதனையில் கிறுகிறுத்துப் போனவர்கள் அங்கே சிறிதும் சலிக்காமல் சுழன்றார்கள்.

விண்வெளியில் நடந்த பரிசோதனைகளில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, நோபல் பரிசு பெற்ற ஒரு விளக்கத்தையே அசைத்துவிட்ட ஒன்று. வியன்னா நகரில் செவி மருத்துவராக இருந்த ராபர்ட் பாராணி, நோயாளிகளின் காதை நீர் பீச்சிக் கழுவும்போது சிலர் தலை சுற்றுகிறது என்று முறையிடுவதையும், அவர்களுடைய விழிகள் தாமாகவே ஒருபக்கமாகத் துடிப்பதையும் கண்டார். நீர் குளிர்ந்திருக்கிறது என்று ஒருவர் குறைகூற, அடுத்த முறை சூடான நீரைச் செலுத்தினார். விழிகள் இப்பொழுது எதிர்ப்பக்கமாகத் துடித்தன. குளியலறைக் கொதிகலத்தில் சூடான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் அடியிலும் நிற்பதை நினைத்துப் பார்த்த பாராணிக்கு, செவிக் குழலின் ஒருபக்கம் சூடேறும்போது அங்குள்ள நீர்மம் இலேசாகி மேலெழுந்து ஓட்டம் உண்டாக்குகிறது, அந்த ஓட்டமே சுழற்சியென்ற பொய்ச் செய்தியை மூளைக்கு அனுப்புகிறது என்பது புலப்பட்டது. 1914-ஆம் ஆண்டுக்குரிய பரிசு தமக்கு வழங்கப்பட்ட செய்தி எட்டியபோது, அவர் ராணுவ மருத்துவராகப் போய்ச் சிறைப்பட்டு ருஷ்யாவில் யுத்தக் கைதியாக இருந்தார். ஸ்வீடன் நாட்டு இளவரசர் கார்ல் தலையிட்ட பின்னரே விடுதலை பெற்றார். அந்தச் சோதனையை இன்றளவும் காது மருத்துவர்கள் செய்துவருகிறார்கள். ஆனால் கனமற்ற இடத்தில் சூடான நீர்மம் மேலெழாது. மேல் என்பதே அங்கு இல்லை. ஆகவே, பாராணி சொன்னது முழுதும் சரியானால், விண்வெளியில் காதைச் சூடாக்கினால் விழி துடிக்கலாகாது. 1983-இல் விண்வெளி ஓடத்தில் ஏறிச் சென்ற ஸ்பேஸ்லாப்-1 ஆய்வுக்கூடத்தில், ஜெர்மானிய விஞ்ஞானி ருடால்ஃப் ஃபான் பௌம்கார்ட்டன் குழுவினர் வகுத்தபடி, சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் செவியில் செலுத்திப் பார்த்தார்கள். விழிகள் துடித்தன. பாராணியின் ஓட்டம் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அது மட்டுமே காரணமன்று என்பது தெளிவாயிற்று. எழுபது ஆண்டுகளாகப் பாடநூல்களில் நிலைபெற்றிருந்த ஒரு விளக்கத்தைத் தரையில் எவராலும் இவ்வாறு சோதித்திருக்க முடியாது.

குமட்டல் தீர்ந்த பிறகும் திசையைப் பற்றிய குழப்பம் தீர்வதில்லை. மேலென்று காட்டுவதற்குக் கண்ணைத் தவிர வேறு ஆதாரம் இல்லாதபோது, கால்களுக்கு எதிரே எந்தப் பரப்பு இருக்கிறதோ அதுவே தரையாகிவிடுகிறது. நிமிர்ந்து வேலைசெய்துகொண்டிருக்கும் ஒருவர் எதிரே தோழர் தலைகீழாக மிதந்து வந்தால், அந்த நொடியிலேயே அறை முழுவதும் புரண்டு, தாமே தலைகீழாக நிற்பதாக அவருக்குத் தோன்றிவிடும். ஸ்கைலாப் நிலையத்தில் ஒரு பகுதியை, மேல் கீழ் என்ற ஒழுங்கில்லாமல், சுவர் முழுதும் கருவிகளைப் பதித்து அமைத்திருந்தார்கள். இடம் மிச்சமாயிற்று, ஆனால் அங்கே குடியிருந்தவர்கள் அதை விரும்பவில்லை. அந்த அனுபவத்தால்தான் இன்றைய சர்வதேச விண்வெளி நிலையத்தில் கூரை இது, தரை இது என்று வகுத்து, விளக்குகளையும் எழுத்துப் பலகைகளையும் அதற்கியைய வைத்திருக்கிறார்கள்.

இது வெறும் வசதியைப் பற்றிய விஷயமன்று. 1997-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் தேதி, ருஷ்யாவின் மிர் நிலையத்தில் இருந்த வசிலி த்சிப்லியெவ், சரக்குக் கலம் ஒன்றைத் தொலைக்காட்சித் திரையில் பார்த்தபடி கைவிசையால் செலுத்திக்கொண்டிருந்தபோது அது நிலையத்தின்மீதே மோதிவிட்டது. ஒரு பகுதியில் ஓட்டை விழுந்து காற்று வெளியேறலாயிற்று. நிலையம் தாறுமாறாகச் சுழன்றது. சூரியப் பலகைகள் சூரியனை இழந்தன. மின்கலங்கள் தீர்ந்து எங்கும் இருள் சூழ்ந்தது. எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் சுழல்கிறோம் என்பதை அறிய, உடனிருந்த மைக்கேல் ஃபோல், கையை நீட்டிக் கட்டைவிரலைச் சன்னலில் ஊன்றி, விரலைக் கடந்து நட்சத்திரங்கள் நகருவதைக் கொண்டு கணக்கிட்டார். மிர் நிலையத்தின் அறைகளோ ஒன்றுக்கொன்று வெவ்வேறு திசையில் மேல் கீழ் அமைந்தவை. ஒரு சன்னலில் கண்ட சுழற்சி, வேறொரு கோணத்தில் இணைந்து நிற்கும் சோயுஸ் கலத்தின் உந்துபொறிகளுக்கு எந்தப் பக்கமாகும் என்பதை அவர்கள் அந்த இருட்டில் மனத்துக்குள்ளேயே திருப்பித் திருப்பிப் பார்த்துத் துணிய வேண்டியிருந்தது. சோயுஸின் உந்துபொறிகளை இயக்கி ஒருவாறு சூரியனை மீட்டார்கள். திசையுணர்வு என்பது உயிர் காக்கும் ஆற்றல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கனமின்மைக்கு உடல் பழகுவதைப் பற்றிய ஆராய்ச்சிகளும் விண்வெளியில் நடந்தன. 1984 ஏப்ரலில் சல்யூத்-7 நிலையத்துக்குச் சென்ற நம் நாட்டு ராகேஷ் சர்மா, ரப்பர்ப் பட்டைகளால் உடலைப் பிணித்துக்கொண்டு அங்கே யோகாசனங்கள் செய்ததும், கனமின்மையைத் தாங்கிப் பழக அவை உதவுமா என்று அறியும் ஆராய்ச்சியே. 1991-இல் விண்வெளி ஓடத்தில் அனுப்பிய சொறிமீன் குஞ்சுகளின் கதை இன்னும் வியப்பானது. சொறிமீனுக்கும் திசை காட்டும் படிகங்கள் உண்டு. விண்வெளியிலேயே வளர்ந்து பூமிக்கு வந்த சொறிமீன்களில் பல, சுருங்கி விரிந்து நீந்தும் ஒழுங்கு குலைந்து தடுமாறின. கனத்தை ஒருநாளும் அறியாமல் வளர்ந்த உயிருக்கு நேரும் கதி இது. இனி எக்காலத்திலேனும் வேற்றுக் கிரகத்தில் மனிதக் குழந்தை பிறக்க வேண்டும் என்று கனவு காண்பவர்கள் இந்தச் சிறு பிராணியை மறத்தலாகாது.

உட்செவியின் தொல்லை விரைவில் பழகிப்போகிறது. கண்ணுக்கு நேரும் கேடோ நாளாக ஆக வளருகிறது. அதை வெகுகாலம் எவரும் உணரவுமில்லை. 2005-இல் ஆறு மாதம் விண்வெளி நிலையத்தில் இருந்த ஜான் ஃபிலிப்ஸ், கீழே தெரியும் பூமியின் தோற்றம் மங்கலாகிவருவதைக் கவனித்தார். அவர் திரும்பிவந்தபோது, நல்ல கண் 100 அடித் தூரத்தில் படிக்கும் எழுத்தை 20 அடித் தூரத்துக்கு நெருங்கினால்தான் படிக்க முடிந்தது. 2009-இல் நிலையத்தில் ஒருசேர இருந்த மைக்கேல் பாரட், ராபர்ட் தெர்ஸ்க் இருவரும் மருத்துவர்களாகவே அமைந்தது நற்பேறு. அவர்கள் ஒருவர் விழியை ஒருவர் சோதித்துக் கொண்டார்கள். 2011-இல் தாமஸ் மேடர் என்ற கண் மருத்துவரும் அவருடைய சகாக்களும், ஆறு மாதம் அளவில் தங்கித் திரும்பிய ஏழு பேரின் கண்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை எல்லோரையும் திடுக்கிடச் செய்தது. அவர்களுள் பலருக்குப் பார்வை நரம்பின் தலை வீங்கியிருந்தது. விழிக்கோளத்தின் பின்புறம் தட்டையாகியிருந்தது. விழித்திரைக்குப் பின்னுள்ள இரத்தக்குழாய்ப் படலத்தில் மடிப்புகள் விழுந்திருந்தன. கோளம் தட்டையானால் விழியின் நீளம் குறைகிறது; ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே கண்ணாடியின் திறனை அளக்கும் டயாப்டர் கணக்கில் மூன்று அளவு பார்வை மாறிவிடும். பிம்பம் விழித்திரைக்குப் பின்னே விழ, கையிலுள்ள குறிப்பேடும் மங்கிப்போகிறது. சுமார் 300 பேரிடம் விசாரித்ததில், குறுகிய பயணம் சென்றவர்களில் 29 சதவீதமும், நீண்ட பயணம் சென்றவர்களில் 60 சதவீதமும் பார்வை குன்றியதாகத் தெரிவித்திருந்தார்கள். இன்று நிலையத்துக்குச் செல்லுவோர் கூடுதல் கண்ணாடிகளை உடன்கொண்டு போகிறார்கள். சிலருக்கு இந்த மாற்றம் தரைக்கு வந்து பல ஆண்டுகளாகியும் முழுதும் நீங்கவில்லை.

இதன் காரணத்தைத் தேடியவர்கள் முதலில் கண்டது நீரின் இடப்பெயர்ச்சி. பூமியில் கால்களை நோக்கி இழுபடும் இரத்தமும் பிற நீர்மங்களும், கனமற்ற இடத்தில் மார்புக்கும் தலைக்கும் ஏறிவிடுகின்றன. கால்களிலிருந்து இரண்டு லிட்டர் அளவு மேலே செல்லுகிறது. முகம் உப்பிக் கால் மெலிந்துவிடுகிறது. மண்டைக்குள் அழுத்தம் மிகுந்து, பார்வை நரம்பின் உறைவழியே அது கண்ணை முன்னோக்கித் தள்ளுகிறது என்று எண்ணினார்கள். அழுத்தத்தை நேரே அளந்தாலன்றி இது உறுதிப்படாது. அளக்க மண்டையைத் துளைக்க வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சைக்காக முன்னரே மண்டையில் மருந்து செலுத்தும் சிறு வாயில் பொருத்தப்பட்டு, பின்னர்க் குணமடைந்து வாழும் சிலர், இந்த ஆராய்ச்சிக்குத் தாமே முன்வந்தார்கள். வளைவுப் பாதையில் பாய்ந்து சில விநாடிகள் கனமின்மையை உண்டாக்கும் விமானத்தில் அவர்களை ஏற்றி, டெக்சாஸைச் சேர்ந்த பெஞ்சமின் லெவினின் குழுவினர் அளந்தார்கள். நோயின் கொடுமையை அனுபவித்து மீண்டவர்கள், தமக்கு யாதொரு பயனுமில்லாத ஒரு காரியத்துக்கு உடலை ஈந்தது என் உள்ளத்தை நெகிழ்விக்கிறது. 2017-இல் வெளியான முடிவு எதிர்பாராதது. கனமற்ற நிலையில் மண்டையின் அழுத்தம், படுத்திருக்கையில் உள்ளதைவிடக் குறைவாகவே இருந்தது. நிமிர்ந்து அமர்ந்திருக்கையில் உள்ளதைவிட மட்டும் மிகுதி. ஆகவே, கேடு அளவு மீறிய அழுத்தத்தால் விளைவதன்று என்று அவர்கள் கருதுகிறார்கள். பூமியில் நாம் ஒவ்வொரு காலையும் எழுந்து நிற்கும்போது, இரவெல்லாம் ஏறியிருந்த அழுத்தம் இறங்கி, கண்ணும் மூளையும் பதினாறு மணி நேரம் இளைப்பாறுகின்றன. விண்வெளியில் எழுந்து நிற்றல் என்பதே இல்லாமையால் அந்த இளைப்பாறுதல் ஒருநாளும் கிட்டுவதில்லை. இதை அறிந்த பின், உறங்கும்போது இடுப்புக்குக் கீழே உறிஞ்சுவிசை தந்து நீர்மத்தைக் கால்களுக்கு இழுக்கும் உறக்கப் பை ஒன்றை அதே குழுவினர் செய்து சோதித்திருக்கிறார்கள். படுக்கையில் கிடந்த தன்னார்வலரிடம் அது நற்பயன் காட்டியது.

கண்ணைப் பற்றி ஒரு செய்தியை இடையே சொல்லிவிடுகிறேன். 1969-இல் சந்திரனுக்குச் சென்ற அபோலோ-11 கலத்தில், இருட்டில் கண்ணை மூடியிருந்தபோதும் ஒளிக்கீற்றுகள் மின்னுவதாக எட்வின் ஆல்ட்ரின் கூறினார். பின்னர்ச் சென்றவர்களும் அவ்வாறே கண்டார்கள். கலத்தின் சுவரையும் மண்டையோட்டையும் ஊடுருவி வரும் அண்டக் கதிர்களின் துகள்கள் கண்ணைத் தாக்குவதால் எழும் ஒளி அது. அதற்குப் பரிகாரம் இல்லை.

திரும்பி வருதல், போவதினும் கடினம். செவிக்கற்கள் மீண்டும் பேசத் தொடங்குகின்றன. அவற்றைக் கேளாமல் இருக்கக் கற்றுக்கொண்ட மூளையோ அந்தப் பேச்சைத் திரித்துப் பொருள்கொள்ளுகிறது. தலையைச் சற்றே சாய்த்தால் உடம்பு முழுதும் பக்கவாட்டில் வழுக்கிச் செல்வதாகத் தோன்றும். கூடத்தின் மூலையில் திரும்புகையில் தோள் சுவரில் இடிக்கும். 1970-இல் சோயுஸ்-9 கலத்தில் 18 நாட்கள் இருந்து வந்த நிக்கோலாயெவும் செவஸ்தியானவும் எழுந்து நிற்கவே அல்லற்பட்டார்கள். 2006-இல் தரையிறங்கிய மறுநாள் வரவேற்பு மேடையில் பேசிக்கொண்டிருந்த ஹைடிமேரி ஸ்டெஃபனிஷின்-பைப்பர் அம்மையார், கால் துவண்டு விழ, அருகிலிருந்தவர்கள் தாங்கிக்கொண்டார்கள். ஐந்து மாதம் இருந்து 2013-இல் மீண்ட கிறிஸ் ஹாட்ஃபீல்ட், தம் நாக்கும் உதடும் கனப்பதை உணர்ந்து, கனமற்ற நாவால் பேசப் பழகிவிட்டதை அப்போதுதான் அறிந்ததாகச் சொன்னார். கஸக்ஸ்தான் புல்வெளியில் கலம் இறங்கியவுடனேயே, அங்கு அடிக்கும் கூடாரத்தில் சில சோதனைகள் நடக்கின்றன: நாற்காலியிலிருந்து எழுதல், குப்புறப் படுத்து எழுந்து நிற்றல், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, குதிகாலை நுனிக்காலோடு ஒட்டவைத்து ஒரே நேர்கோட்டில் நடத்தல். கண் திறந்திருக்கையில் ஒருவாறு நடப்பவர், இமை மூடியதும் இரண்டாம் அடியிலேயே சாய்கிறார். குறுகிய பயணம் சென்றவர் சில நாட்களிலும், ஆறு மாதம் தங்கியவர் சில வாரங்களிலும் பழைய நடையை அடைகிறார்கள்.

பூமியில் தாங்கிப் பிடிக்கவும் நாற்காலியில் தூக்கிச் செல்லவும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். செவ்வாய்க் கிரகத்துக்கு ஏறக்குறைய ஏழெட்டு மாதம் மிதந்து சென்று இறங்குவோருக்கு அங்கே யாரும் காத்திருக்க மாட்டார்கள். பூமியின் ஈர்ப்பில் 38 சதவீதமே உள்ள அந்த மண்ணில், மூளை மூன்றாவது முறையாகப் புதியதொரு கனத்தைக் கற்கவேண்டும். கற்பதற்குள் கலத்தில் பழுதோ, தீயோ, விரைந்து வெளியேற வேண்டிய அவசியமோ நேர்ந்தால் தாமே சமாளிக்க வேண்டும். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் நம் நாட்டின் ககன்யான் திட்டத்திலும் வேறொரு வகையில் இந்தச் சிக்கல் எதிர்ப்படும். அந்தக் கலம் இறங்கப்போவது கடலில். கனமின்மையிலிருந்து அப்போதுதான் மீண்டு, தலையசைத்தாலே உலகம் சுழலும் நிலையில் உள்ளவர்கள், மீட்புக் கப்பல் வந்து சேரும்வரை அலையில் ஆடும் சிறு கூண்டுக்குள் இருக்க வேண்டும். தேவையானால் தாமே வெளியேறவும் வேண்டும். பெங்களூரில் உள்ள விமானப் படையின் வான்வெளி மருத்துவ நிலையத்தில் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது உட்செவிக்கும் கண்ணுக்கும் தனிச் சோதனைகள் நடத்தியதன் காரணம் இப்போது விளங்கும். ஆயினும், தரையில் நடத்தும் எந்தச் சோதனையும், யாருக்கு விண்வெளியில் குமட்டும், யாருக்குக் குமட்டாது என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடுவதில்லை. தித்தோவைத் தேர்ந்தெடுத்த மருத்துவர்களும் அதைச் சொல்ல முடியாமல்தான் அவரை அனுப்பினார்கள்.